வருஷத்துக் கடைசி வகுப்பு

"மன்னிக்கணும், இனி உள்ளே விட முடியாது," என்றார் ஆசிரியை டோரீன்.

வாசலில் நின்ற லைலின் தொப்பி, தாடி எல்லாம் பனி. அமெரிக்காவின் வடகோடியில் டுலூத் நகரத்து டிசம்பர் என்றால் சும்மாவா?

வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தரும் முகவர்கள் முப்பது பேர் அந்த ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். வருஷா வருஷம் எட்டு மணி நேரம் முழுசாகப் பாடம் கேட்டால்தான் லைசென்ஸ் புதுப்பிப்பார்கள். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி வகுப்பு.

"பனியில ஒரு கார் சறுக்கி, பாதி ரோட்டை மறிச்சுக்கிட்டு நின்னுடுச்சு. இழுத்துட்டுப் போற வண்டி வர்ற வரைக்கும் காவலுக்கு நின்னேன்," என்றார் லைல்.

"சரி. ஆனா அரை மணி நேரப் பாடம் போயிடுச்சே."

"சாயங்காலம் அரை மணி கூட உட்காரட்டும் மேடம்," என்றாள் முன்வரிசை பெக்கி.

"அஞ்சு மணிக்கு இங்கே கல்யாண விருந்து. ஹாலைக் காலி பண்ணணும்."

"அப்ப எட்டு மணிக்கே வந்துட்டார்னு எழுதிடுங்க. நாங்க யாரும் வாயைத் திறக்க மாட்டோம்," என்று கண்ணடித்தான் கர்ட்.

"கர்ட், இப்ப என்ன பாடம் நடத்திட்டிருந்தேன்?"

"அது வந்து... தொழில்ல நேர்மை."

ஹாலே சிரித்தது. பெக்கி மட்டும் சிரிக்கவில்லை.

"ஜனவரி பொறந்தா அவர் ஒரு கடன்கூட எழுத முடியாது மேடம். பொழப்பே போயிடும். யாருக்கோ உதவி செஞ்சதுக்கு இதுதான் கூலியா?"

"ஒருத்தருக்குச் சட்டத்தை வளைச்சா, அப்புறம் எல்லாருக்கும் வளைக்கணும்."

டோரீன் கதவைச் சாத்தினார்.

"கல்நெஞ்சுக்காரி!" என்று பெக்கி முணுமுணுத்தாள். பக்கத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். அப்புறம் அவரவர் லைசென்ஸ் அவரவருக்கு. பாடத்தைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மதிய இடைவேளையில் சிகரெட் பிடிக்க வெளியே வந்த பெக்கி திகைத்துப்போனாள். லைல் இன்னும் போகவில்லை. ஒரு காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, அந்தம்மா வந்த காராச்சே! கதவைச் சாத்தினவங்களுக்கா இந்தச் சேவகம்?"

"இது என் காருங்க."

"அப்ப அவங்க காரு?"

"அதைத்தான் இழுத்துட்டுப் போனாங்க. அவ முன்னாடி கிளம்பினா, நான் பின்னாடி வந்தேன். பார்த்தா, வளைவுல சறுக்கி நிக்கிறா. அவளை என் கார்ல அனுப்பிட்டு நான் அங்கேயே நின்னுட்டு, அப்புறம் நடந்து வந்தேன்."

"அவளா? அவங்க உங்களுக்கு..."

"பொண்டாட்டி. இருபது வருஷமா."

பெக்கிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அப்படியும் கதவைச் சாத்தினாங்களா! அவங்களை அங்கேயே நிக்க விட்டுட்டு நீங்க வந்திருக்கணும். செய்யாம விட்டீங்களே!"

லைல் சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"அவ நின்னிருந்தா, உங்க முப்பது பேரு லைசென்சும் போயிருக்குமேம்மா."