பரிமளாவின் பால் சைக்கிள்

தா.பழூர் பால் சொசைட்டி வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்ததும் அருள்முருகன் வண்டியை ஓரங்கட்டினான்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் ரேஸ் சைக்கிள். கரும்பைவிட ஒல்லியான ஸ்டீல் குழாய்கள். அதற்குப் போய் யாரோ பச்சைப் பெயின்ட் அடித்து, கேரியர் வைத்து, ரெண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அருள்முருகனுக்கு அரியலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டு ஹாலில் இதே ரகத்தில் நாலு சைக்கிள் நிற்கிறது. சோபா மொட்டைமாடிக்குப் போய் ஒரு வருஷமாகிறது.

அவன் தரையில் படுத்து, பெடல் அச்சுக்கு அடியில் இருந்த நம்பரைப் படித்தான். நாலு வருஷமாக அவன் தேடிக்கொண்டிருந்த மாடல்.

"யாரு தம்பி, அடியில என்ன தேடுற?"

பால் அளந்துகொண்டிருந்த பரிமளா வெளியே வந்திருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது.

அருள்முருகன் எழுந்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான்.

"உங்க சைக்கிளாக்கா? பிரேம் விரிசல் விட்டிருக்கே. ஒருநாள் பாலோட நடுரோட்டுல கவுத்துவிட்டுரும்."

"அப்படியா?"

"பழைய இரும்புக் கடையிலகூட எடுக்க மாட்டாங்க. பாவமா இருக்கு. புது லேடீஸ் சைக்கிள் ஒண்ணு வாங்கித் தரேன், இத நான் எடுத்துக்கறேன்."

"ஒடையப்போற சைக்கிள் ஒனக்கு எதுக்கு?"

"பெல்லு நல்லா இருக்குக்கா."

"போன மாசம் ஜெயங்கொண்டத்துல வாங்குன பெல்லு."

அவன் கை தானாக பிரேமைத் தடவியது. பரிமளா அதைப் பார்த்தாள்.

"சரி, எடுத்துக்க."

மறுநாளே புது சைக்கிளை இறக்கிவிட்டு, பழையதை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"அந்த அம்மாகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவன் மனைவி ஜெயசித்ரா.

"சொன்னா குடுக்குமா? பால் கேன் மாட்டறவங்களுக்கு இதோட அருமை எங்க தெரியப்போவுது?"

மூன்றாம் நாள் போன் வந்தது.

"தம்பி, பரிமளா பேசறேன். பெயின்ட்டச் சுரண்ட ஆரம்பிச்சிட்டியா?"

"எ... எதுக்குக்கா?"

"கத்தி போட்டுறாத. துணியில தின்னர் நனச்சு மெதுவாத் தொடச்சு எடு. அடியில ஒரிஜினல் நீலம் அப்படியே இருக்கும். அதோட சீட்டு, கியரு, வீலு எல்லாம் எண்ணெ தடவி சாக்குல கட்டி வச்சிருக்கேன். ஒருநாள் வந்து எடுத்துக்க."

அருள்முருகன் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"அக்கா... உங்களுக்கு இதெல்லாம்..."

"ஸ்டேட் மீட் சைக்கிள் ரேஸ்ல மூணு வருஷம் அதுலதான் ஓட்டுனேன். இப்ப ரேஸ் ஓட்ட முட்டி ரெண்டும் ஒத்துக்காது."

"தெரிஞ்சேவா குடுத்தீங்க? பிரேம்ல விரிசலே இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா? ஓட்டல் செவுத்துல மாட்டறதுக்குன்னு ரெண்டு பேரு வந்து நல்ல வெல கேட்டாங்க. உண்மையச் சொல்லித்தான் கேட்டாங்க. குடுக்க மாட்டேன்னுட்டேன்."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏன்க்கா?"

பரிமளா சிரித்தாள்.

"பொய் சொல்லவே வராத ஆளு இத்தன பொய் சொல்றான்னா, அதும்மேல எவ்ளோ ஆச இருக்கணும்னு நெனச்சேன், தம்பி."