மதினிக்கு மீன் மேல் வந்த கருணை

சத்தியமாகச் சொல்கிறேன், தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல் மேலேயும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால், இனி என் வலையில் சொறிமீனைத் தவிர வேறெதுவும் விழாமல் போகட்டும்.

பெரியபட்டினத்தில் ஷாகிர் வீட்டில் பத்தொன்பது தலை. ஒருநாள் அழுக்குத் துணியைக் குவித்தால் அந்தப் பக்கம் நிற்கிற லாரி தெரியாது. அத்தனையையும் கிணற்றடியில் கையாலேயே துவைப்பவள் கூலிக்கு வருகிற பிச்சையம்மாள்.

துபாயிலிருந்து லீவில் வந்த ஷாகிர், முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும்போதே கத்தினான்.

“மதினி! இது வெள்ளைச் சட்டையா, டீ வடிகட்டுன துணியா?”

அவன் அண்ணன் மனைவி ஜுனைதாதான் அந்த வீட்டுக்கு உப்பிலிருந்து சோப்பு வரை வாங்குகிறவள்.

“பவுடர நிப்பாட்டி அஞ்சு மாசமாச்சு தம்பி. இப்ப பூந்திக்கொட்டை. ஊற வச்சு, கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியிலதான் துவைக்கிறது.”

“பவுடருக்கு என்ன வந்துச்சு? போன லீவுல நுரை எப்படிப் பொங்குச்சு! அதுக்குள்ள போன கோழி மூணு வாரம் கழிச்சுக் குஞ்சோடல்ல வெளிய வந்துச்சு!”

“அந்த நுரைதான் ஓடை வழியா கடலுக்குப் போகுது. மீனெல்லாம் சாகுதாம்.”

“மீன் பாவம்னா, கடையில ‘இயற்கை’ன்னு எழுதி பச்சை பாட்டில்ல விக்கிறானே, அத வாங்குறது?”

“பத்தொன்பது பேருக்கு அத வாங்குனா, மாசம் ஒரு ஆட்ட வித்துட்டுத்தான் துவைக்கணும். கொட்டை நாட்டு மருந்துக் கடையில கிலோக்கணக்குல மலிவு.”

வீடே சிரித்தது. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் நுரை எழும்ப வேண்டுமென்றே ரெண்டு கை பவுடரைச் சேர்த்து அள்ளிப் போடுகிற ஊர் அது. நுரை வராவிட்டால் அழுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

“கஞ்சத்தனத்தைப் பண்ணிட்டுப் பழிய மீன் மேல போடுறாக,” என்று ஷாகிர் முடிவு கட்டினான். “வர்ற ஒண்ணாந்தேதி வாஷிங் மெஷின் வருது. பிச்சையம்மா இனிமே வேணாம்.”

ஜுனைதாவின் முகம் சுண்டிப்போனது. “அவசரப்படாதீங்க தம்பி. அவளுக்கு இந்த ஒரு வீடுதான்.”

அவன் காதில் வாங்கவில்லை. சொல்லிவிடுவதென்று நேரே கிணற்றடிக்குப் போனான்.

அவனைக் கண்டதும் பிச்சையம்மாள் ஈரக்கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்ல தம்பி.”

“காட்டுங்க.”

காட்டினாள். விரலிடுக்கெல்லாம் புதுத்தோல், பிறந்த பிள்ளைக்கு இருப்பதுபோலச் சிவந்து கிடந்தது.

“இப்ப ஆறிருச்சு தம்பி. பவுடர் போட்டப்ப தோலு உரிஞ்சு ரத்தமா வடியும். ஒட்டுவாரொட்டி நோவுன்னு நெனச்சு நிப்பாட்டிருவீகளோன்னு மறச்சு மறச்சே துவைச்சேன். நல்லவேளை, உங்க மதினிக்கு மீன் மேல கருணை வந்துச்சு. அந்தப் புண்ணியத்துல என் கையும் தப்பிச்சுச்சு. அவுககிட்டச் சொல்லிராதீக. அவுகளுக்கு இது தெரியவே தெரியாது.”

ஷாகிர் வந்த வழியே திரும்பினான். வீட்டுக்குள் நுழைந்ததும், “மெஷினெல்லாம் வேணாம், உப்புத் தண்ணிக்கு ஆறே மாசத்துல துருப்பிடிச்சிரும்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தான்.

ஜுனைதா அரிவாள்மனையில் உட்கார்ந்து பாறைமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மதினி, பிச்சையம்மா கை...”

“உஸ்! மெல்லப் பேசுங்க.” கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, கூசிப்போயி நாளைக்கே நின்னுருவா. ரோஷக்காரி.”

“அப்ப மீனு?”

“மீனுக்கென்ன தம்பி,” நறுக்கென்று ஒரு தலையை வெட்டிப் போட்டாள், “அது பாட்டுக்குக் குழம்புல கொதிக்கும்.”

இது உங்களோடு இருக்கட்டும். பிச்சையம்மாள் காதுக்குப் போய்விடக் கூடாது. யார் சொன்னதென்று கேட்டால், நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.