தேறிய ஃப்ரேம்கள்

அந்த மென்பொருளுக்கு ஏகப்பட்ட பிகு. கேமரா எடுத்த வீடியோவைத் திறக்கவே மாட்டேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்தது.

அவர் விடவில்லை. மகள் கேட்டுவிட்டுப் போன படம் அது.

வளையத்தோடு சனிக் கிரகம், தன் அறைச் சுவரில் பெரிதாக வேண்டும் என்றாள் வாலு. மொட்டை மாடியில் டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி அப்பாவும் மகளுமாக எடுத்த வீடியோவிலிருந்துதான் அந்தப் படத்தைத் தேற்ற வேண்டும்.

அடுத்த வாரம் அவள் போன கல்லூரிப் பேருந்து கவிழ்ந்தது.

அன்றிலிருந்து மனைவி மகளின் அறையே கதியென்று கிடக்கிறாள். பேச்சில்லை, அழுகையுமில்லை. சுவரில் அந்தப் படத்தை மாட்டினாலாவது வாய் திறப்பாள் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றினால்தான் மென்பொருள் ஏற்கும் என்பது மெல்லப் பிடிபட்டது. மாற்றும்போது கணினி ஒவ்வொன்றாகக் கேட்டது. சுருக்கவா? வேண்டாம். சத்தம் வேண்டுமா? வேண்டாம். கிரகத்தைப் படம் பிடிக்கிறவன் எவன் வீடியோவைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான்?

மாறிய ஃபைல் பூதம் மாதிரி வீங்கியிருந்தது. இடம் போதவில்லை என்று மென்பொருள் மறுபடி முறுக்கிக்கொண்டது.

எல்லா ஃப்ரேமும் புதியதில் இருக்கிறதே, பழையது எதற்கு? அடியோடு அழித்தார். மெமரி கார்டை, வீடியோ எடுத்த அன்றைக்கே துடைத்தாயிற்று. எப்போதும் செய்கிற வேலைதான். கை தன்பாட்டுக்குச் செய்தது.

வீடியோவில் சனி, தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு போல நெளிந்தது. ஓரிடத்தில் எகிறிக் குதித்தது. வாலு டெலஸ்கோப்பைத் தட்டிவிட்ட இடம்.

சனியனே, கையை எடு என்று அவர் கத்தியிருந்தார். எந்தச் சனியைப்பா சொல்றே என்று கேட்டுவிட்டு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

மென்பொருள் ஆடிய ஃப்ரேம்களை எல்லாம் கழித்துக்கட்டியது. தேறியதை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியது.

வளையம் தெளிவாக, இடைவெளி தெரிய வந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு இப்படி ஒன்று அமைந்ததே இல்லை. பார்க்கத்தான் அவள் இல்லை.

மனைவியைக் கூப்பிட்டார். வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வந்தாள்.

படத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படம் இருக்கட்டுங்க. அன்னிக்கு நீங்க திட்டினதுக்கு அவ அப்படிச் சிரிச்சாளே, அது இந்த வீடியோவில இருக்குமில்ல? அதைப் போடுங்க."

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். அவளே எட்டி வீடியோவை ஓடவிட்டாள்.

சனி நெளிந்தது. எகிறிக் குதித்தது. அடங்கியது.

அவள் சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். காதை ஸ்பீக்கரோடு ஒட்டினாள்.

"ஒயர் லூசா இருக்கும். கீழ கொஞ்சம் பாருங்க."

அவர் மேசைக்கடியில் குனிந்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே அவள் மூன்றாவது முறையாக ஓடவிட மௌஸைத் தட்டும் சத்தம் கேட்டது.