தொண்ணூறாம் நாள் முகம்

"இன்னொரு தடவ காட்டு. கிட்டப் போய் நில்லு."

முகம் பார்த்து வருகை பதியும் மெஷின், மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் மசாலாத் தூள் ஃபேக்டரியின் கேட் அது. காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அதுவரை உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்த காவலாளி, ஜாகா பக்கிரிசாமி, நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"மாஸ்க்க எடும்மா."

மெஷின் முன் நின்றவள் எடுத்தாள். பக்கிரிசாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். கன்னங்கள் சிவந்து உப்பியிருந்தன. நெற்றியெல்லாம் கொப்புளம். இமைகள் தடித்துப்போய், கண் இருக்கிற இடத்தில் கோடுதான் தெரிந்தது.

"என்னது இது? அம்மையா?"

"அம்மை இல்லண்ணே." பக்கத்தில் நின்ற குமுதா முந்திக்கொண்டாள். பந்திங்கிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். "வெரோனிகா வீடியோவப் பார்த்து எதையோ குழைச்சிப் பூசிட்டா."

"உன்னையா கேட்டேன்?"

"உதடு கிடக்கிற கிடப்புக்கு அவ எங்கண்ணே பேசுறது?"

பக்கிரிசாமி நம்பவில்லை. போன மாதம் ஒருத்தன் அம்மையோடு உள்ளே போய், பாக்கெட் போடும் லைனில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். ஏன் பார்க்காமல் விட்டாய் என்று மேனேஜர் அவரைத்தான் பிடித்தார். காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து அவள் நெற்றிக்கு நேரே பிடித்தார். காய்ச்சல் இல்லை.

ஆனாலும் சந்தேகம் போய்விடவில்லை. வேறு பக்கம் திரும்பியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டுக்காரன் கை வச்சானா? சுடுதண்ணி கிடுதண்ணி ஊத்தினானா? பயப்படாம சொல்லு. போலீசுக்கு நான் போன் போடுறேன்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"எல்லாப் பொம்பளையும் இப்படித்தான் தலையாட்டுது. சரி, என்ன பூசினே? உன் வாயால சொல்லு."

"எலுமிச்சம்பழச் சாறு." வாய் முழுதாகத் திறக்கவில்லை. "ஆப்ப சோடா. பட்டைத் தூள்."

"முகத்துக்குப் பூசினியா, கேக் சுட்டியா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கெமிக்கல் இல்ல, எல்லாம் அடுப்படிச் சாமான்தானே, என்ன செஞ்சிடப் போவுதுன்னு நினைச்சிட்டாண்ணே," என்றாள் குமுதா. "சீக்கிரம் காயட்டும்னு வெயில்ல வேற உக்காந்திருக்கா. அதான் வெந்துபோச்சு."

"எதுக்கு இதெல்லாம்?"

"இன்னைக்கு அவ வேலைக்குச் சேர்ந்து தொண்ணூறாவது நாளு. பெர்மனன்ட் ஆனா புது டேக்குக்குப் போட்டோ புடிப்பாங்கல்ல? பளிச்சுன்னு இருக்கணும்னு ஆசை."

பக்கிரிசாமி அவள் கழுத்தில் தொங்கிய டேக்கைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இதுல நல்லாத்தானே இருக்கே. இதுக்கு மேல என்ன பளிச்சு வேணும்?"

அவள் டேக்கை மெல்ல மறுபக்கம் திருப்பிவிட்டாள்.

"கிளினிக்குக்குப் போய் டாக்டர்கிட்ட எம்சி சீட்டு வாங்கிக்கோ. நாளைக்கு வா."

"எம்சி எடுத்தாலும் இங்க அது லீவுதாண்ணே," என்றாள் குமுதா. "ஒரு நாள் விட்டா மறுபடி ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணணும். பெர்மனன்ட் ஆனாத்தான் மெடிக்கல் கார்டு. அவ பையனுக்கு இழுப்பு. மூணு மாசமா எந்தக் கிளினிக்குக்கும் கொண்டுபோகாம வச்சிருக்கா. உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

 பக்கிரிசாமி, பின்னால் ஹார்ன் அடித்த லோரிக்குக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார்.

"இன்னைக்கு உன் லைன்ல மிளகாய்த் தூள். இந்த முகத்த வச்சிக்கிட்டு எட்டு மணி நேரம் தாங்குவியா?"

தாங்குவேன் என்று தலையாட்டினாள்.

நோட்டை இழுத்து, வெரோனிகா என்று எழுதி, நேரத்தையும் போட்டுத் தடுப்பைத் திறந்துவிட்டார். "போ. போட்டோவ அடுத்த வாரம் எடுக்கச் சொல்றேன். இப்ப எடுத்தா கேமரா பயந்துடும்லா."

உள்ளே, உடை மாற்றும் அறையிலேயே காரம் காற்றில் மிதந்தது. அவள் கண்ணிலிருந்து வழிந்த நீர் கொப்புளங்களின் மேல் ஓட, பல்லைக் கடித்துக்கொண்டாள். குமுதா அவளுக்குத் தலைத்தொப்பியை மாட்டிவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதாச்சும் சொன்னாங்களா, செரீனா?"

"வெரோனிகா அக்காவுக்கு நாளைக்குத்தான் கண்கட்டு அவுப்பாங்களாம். என் முகம் அடையாளம் தெரியக்கூடாதுன்னு அவ கிண்ணத்துல மிச்சம் இருந்ததத்தான் நான் பூசிக்கிட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."