நீலக் காரின் அளவு

அமெரிக்காவில் ஒரு சிவப்பு ரேஸ் கார் இருந்தது. பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த நீலக் காரை அதனால் ஒரு தடவைகூட முந்த முடிந்ததில்லை.

ஒரு நாள் இன்ஜின் உடைந்துபோய், நீலக் கார் சிவப்புக் கார் நிற்கிற பட்டறைக்கே வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் போர் நடந்ததால் அங்கிருந்து ஸ்பேர் பாகங்கள் வரவில்லை. மெக்கானிக் ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, அளந்து, படம் வரைந்து, தானே செய்து பூட்டினார். அந்தப் படத்தை வைத்தே சிவப்புக் காருக்கும் புது இன்ஜின் செய்துவிட்டார்.

சிவப்புக் காரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பந்தயத்தன்று பக்கத்தில் நின்றபோது மெதுவாகச் சொன்னது: "அக்கா, என் இன்ஜின் உங்களைப் பார்த்துச் செஞ்சது. திருடின மாதிரி இருக்கு. நான் உங்க பின்னாடியே வந்துடறேன்."

நீலக் கார் சிரித்தது. "அடி போடி! அளவுதான் என்னோடது, ஓடப்போறது நீதானே? வேணும்னே மெதுவா வந்தே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

கொடி விழுந்தது. ஐம்பதாவது சுற்றில் சிவப்புக் கார் முந்திவிட்டது. ஆனாலும் மனசு கேட்காமல், பின்னால் வரும் நீலக் காரைத் திரும்பிப் பார்த்தபடி வேகத்தைக் குறைக்கப் போனது.

பின்னாலிருந்து நீலக் கார் கத்தியது: "என்னை என்னடி பார்க்கிறே? முன்னாடி வளைவு வருது, அதைப் பாரு!"