தாடை சுவிட்ச்

"மானுடத்தின் கடைசி விலங்கும் இன்று உடைகிறது!" என்று முழங்கினார் இன்பசேகரன். மேடையில் இருந்தது, கழுத்துக்குக் கீழே அசையாத வகுளா அக்கா பழைய வீடியோ கேமைத் தாடையால் ஆடுவதற்காக இன்பசேகரனே செய்த சுவிட்ச் பெட்டி. காலையிலேயே அது உயிரை விட்டிருந்தது. குடியிருப்புச் சங்க விழாவைத் தள்ளிப்போட மனசு வராமல், பொன்னாடைக்குள் இன்னொரு கன்ட்ரோலரை மறைத்துக்கொண்டு, அக்கா அமுக்கும்போதெல்லாம் தானும் அமுக்கினார். திரையில் பொம்மை துள்ளத் துள்ளக் கைதட்டல். அவருக்கே கண் கலங்கியது. செயலாளர் அக்காவிடம் மைக்கை நீட்டினார்.

"எப்படிம்மா இருக்கு?"

"தம்பி பிரமாதமா ஆடுறான் சார். நான் அமுக்குறத நிறுத்தி ரொம்ப நேரமாச்சு."

இன்பசேகரனின் காதுமடல் சூடேறியது. பொம்மை அப்போதுதான் நின்றது.