எதிர்க்கட்சி இல்லாத பெஞ்சு

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப் டீக்கடையில் ரேடியோ தேர்தல் முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏகநாதனின் கட்சி ஜெயித்துவிட்டது. தெருமுனையில் சரவெடி வெடிக்கிறது. அந்தப் புகையில் சாயங்கால வெயில் கலங்கின டீ மாதிரி தெரிகிறது. கரைவேட்டிப் பையன்கள் ஓடிவந்து அவர் கையில் ஒரு லட்டைத் திணித்துவிட்டு ஊர்வலத்துக்கு ஓடுகிறார்கள். பெஞ்சு முழுக்கக் காலியாக இருந்தும் ஏகநாதன் வழக்கம்போல ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்து ஓரம் துரைராஜுடையது. இருபது வருஷமாக இருவரும் இங்கே உட்கார்ந்து கட்சிக்காகவும் அவரவர் நடிகருக்காகவும் சண்டை போட்டவர்கள். துரைராஜ் ஒரு தோல்வியையும் ஒப்புக்கொண்டதில்லை. "எல்லாம் கள்ள ஓட்டு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். ஏகநாதன் வாங்கிக்கொடுக்கும் டீயை வேண்டாம் வேண்டாம் என்றே குடித்து முடிப்பார். போன ஆடியில் மாரடைப்பு வந்து செத்துப்போனார். டீ மாஸ்டர் சேட்டு கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்கிறான், "இன்னா நைனா, ஜெயிச்சிட்டு இங்க குந்திக்கினு கீறே? ஊர்வலத்துக்குப் போலியா?" ஏகநாதன் லட்டைப் பார்க்கிறார். "அங்க எல்லாம் நம்மாளுங்கதான்டா. யார்கிட்ட போய் பீத்திக்கிறது?" ரேடியோ இந்தத் தொகுதியின் பெயரைச் சொல்கிறது, எத்தனை ஓட்டு வித்தியாசம் என்றும் சொல்கிறது. ஏகநாதன் லட்டை பெஞ்சின் அந்த ஓரத்தில் வைக்கிறார். துண்டை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சொல்கிறார், "எல்லாம் கள்ள ஓட்டு."